பிரேமலா கட்டிய கயிற்றுப் பாலம்

பிரேமலா சும்மா உட்கார்ந்திருந்து பார்த்தவர்கள் ஜொகூரின் லாயாங் லாயாங் ஊரில் ரொம்பக் குறைவு. பள்ளி வேன் ஓட்டும்போது மட்டும் வேறு வழியில்லாமல் உட்கார்ந்திருப்பாள். அப்போதும் இடது கைவிரல்கள் ஸ்டீயரிங்கில் தாளம் போட்டுக்கொண்டே இருக்கும். சமையல் பாதியில் இருக்கும், துணி பாதி காய்ந்திருக்கும், அவள் வாசலில் நின்று போன் பேசிக்கொண்டே செம்பருத்திச் செடியை வெட்டிக்கொண்டிருப்பாள்.

எப்போதும் அப்படி இருந்தவள் இல்லை. ரெங்கம் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, படிப்பு முடித்த கையோடு குளுவாங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சேர்ந்தாள். பூதக்கண்ணாடி வழியாகச் சின்னச்சின்னத் துண்டுகளைப் பார்த்துப் பார்த்துப் பழுது கண்டுபிடிக்கிற வேலை. ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தே இளமையில் பாதியைக் கழித்தாள். ஒருநாள் தொழிற்சாலையை வியட்நாமுக்குக் கொண்டுபோனார்கள். அதே வருஷம் மகள் லோஷினி படிக்க பினாங்குக்குப் போனாள். கணவன் லெட்சுமணன் சிங்கப்பூரில் ஒரு கப்பல் பட்டறையில் வேலை. வாரநாளில் ஜொகூர் பாருவில் அறை எடுத்துத் தங்கி, சனிக்கிழமை சாயங்காலம்தான் வீட்டுக்கு வருவான். திடீரென்று வீடு அவளுக்குப் பெரிதாகிவிட்டது. ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு நடப்பாள், எதற்கு வந்தோம் என்று மறந்து திரும்பி வருவாள். பழைய வேன் ஒன்றை வாங்கிப் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப்போக ஆரம்பித்த பிறகுதான் மூச்சு கொஞ்சம் சீரானது.

அந்த வேனின் சக்கரத்தில்தான் அணில் மாட்டியது.

காலைநேரம், பிள்ளைகள் நிறைந்த வேன். ஊரைத் தாண்டி ரெங்கம் போகிற சாலையில் ஒரு வளைவு உண்டு. ஒருபக்கம் யாரும் வெட்டாமல் விட்ட பழைய ரப்பர் பால்மரக் காடு, மறுபக்கம் ஒரு பெரிய ஆலமரம், அதைத் தாண்டி டுரியான் பழத் தோட்டம். வளைவில் திரும்பும்போது சாலையில் ஏதோ சிவப்பாக ஓடியது. பிரேக்கை மிதித்தாள். காலுக்கடியில் மெல்லிய ஒரு தட்டல். பின்சீட்டில் இருந்த பெண்பிள்ளை ஒருத்தி, "ஆன்ட்டி, ஏத்திட்டீங்க!" என்று கத்தினாள்.

இறங்கிப் போய்ப் பார்த்தாள். சாதாரண அணில் இல்லை. முதுகு கன்னங்கரேல் என்று இருந்தது, விலாவில் சுண்ணாம்பு தடவியதுபோல் வெள்ளைக்கோடு, வயிறும் கால்களும் செங்கல் சிவப்பு. பூனைக்குட்டி அளவு இருக்கும். உடம்பில் காயமே தெரியவில்லை. கையில் எடுத்தபோது சூடு இருந்தது, வால் மட்டும் அவள் மணிக்கட்டில் வழிந்து தொங்கியது. பின்னால் ஒரு லோரி ஹாரன் அடித்தது. அணிலைப் புல்லில் வைத்து, ஒரு தேக்கிலையைக் கிள்ளி மூடிவிட்டு வேனில் ஏறினாள்.

திரும்பும் வழியில் அதே இடத்தில் வேனை நிறுத்தி மேலே பார்த்தாள். மேலே வெறும் வானம். போன வருஷம்வரை அந்த வளைவில் இரண்டு பக்கத்துக் கிளைகளும் சாலைக்குமேல் கைகோர்த்து நின்றன. மழையில்கூட அந்த இடத்தில் சாலை நனையத் தாமதமாகும். சாலையை அகலப்படுத்த வந்த குத்தகைக்காரர்கள் இரண்டு பக்கமும் கிளைகளை அறுத்துத் தள்ளியிருந்தார்கள். தரையில் கால் வைக்காமல் மேலேயே போய்வந்த உயிர், வழி அறுந்துபோனதால் இறங்கி ஓடியிருக்கிறது. ஆலமரத்தில் பழம் சிவந்து கிடந்தது.

அன்று சாயங்காலம் கோயில் வாட்ஸ்அப் குழுவில் விஷயத்தைப் போட்டாள். சாலைக்குமேல் ஏதாவது கட்ட முடியுமா என்று கேட்டாள். சிரிக்கிற பொம்மைகள் நிறைய வந்தன. ஒருவர், "மனுசன் நடக்கவே நடைபாதை இல்ல, அணிலுக்கு மேம்பாலமா" என்று எழுதினார். டுரியான் தோட்டக்காரர் சதாசிவம் எழுதவில்லை, போனே போட்டுவிட்டார்.

"பிரேமலா, ஒண்ணு செத்ததுக்கு அழுவுறியா? என் தோட்டத்துக்கு வந்து பாரும்மா. பழம் பழுக்க விடுதா அது? பாதிய தின்னுட்டு பாதிய கீழ தள்ளுது."

"அண்ணே, நான் தோட்டத்தப் பத்தி பேசல. ரோட்டப் பத்தி பேசுறேன்."

"ரோட்டத் தாண்டுனா எங்க வந்து முடியுது? என் தோட்டத்துலதானே," என்றார்.

அந்தப் பேச்சை அவள் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. பின்னால் அது திரும்பத் திரும்ப ஞாபகம் வரப்போகிறது என்று அப்போது தெரியாது.

அடுத்து வந்த வாரங்களில் அதே வளைவில் இன்னும் இரண்டைப் பார்த்தாள். ஒன்று லோரி ஏறித் தட்டையாகிப்போனது. வேன் ஓட்டும்போது கண் சாலையில் நிற்க மறுத்தது. தூரத்தில் காய்ந்த இலை உருண்டால்கூட கால் பிரேக்குக்குப் போனது. படுத்தால் காலுக்கடியில் அந்தத் தட்டல். சனிக்கிழமை வந்த லெட்சுமணன் அவள் முகத்தைப் பார்த்தே கேட்டான்.

"என்னா, இன்னும் அந்த அணிலா?"

"ஒரு கயிறு கட்டினா போதுங்க. இந்தப் பக்கம் மரத்துலேருந்து அந்தப் பக்கம் மரத்துக்கு. நல்ல தடிச்ச கயிறா."

லெட்சுமணன் அதிகம் பேசாதவன். அடுத்த சனிக்கிழமை மோட்டார்சைக்கிளின் பின்னால் மலைப்பாம்புபோல் ஒரு மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினான். கப்பலைக் கரையோடு கட்டுகிற கயிறு. பட்டறையில் தேய்ந்துபோனது என்று ஒதுக்கியதை மேலாளரிடம் கேட்டு வாங்கியிருந்தான்.

"சிங்கப்பூர் பாலத்துல சுங்கச் சோதனையில நிறுத்திட்டாங்க," என்றான். "இது என்னான்னு ஆபீசர் கேட்டாரு. அணில் ரோட்ட கடக்கன்னேன். அந்த இன்சே என்னையே கொஞ்ச நேரம் பாத்தாரு. அப்புறம் அவரோட கூட்டாளியக் கூப்புட்டு, இன்னொரு தடவ சொல்லச் சொன்னாரு. ரெண்டு பேரும் சிரிச்சி முடிச்சப்புறம்தான் விட்டாங்க."

பிரேமலாவும் சிரித்தாள். பல நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு.

கயிறு கிடைத்துவிட்டது, அனுமதி கிடைக்கவில்லை. காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு மத்தியானம் ஏற்றப் போகும்வரை அவளுக்கு நேரம் உண்டு. அந்த நேரமெல்லாம் அலுவலகம் அலுவலகமாக அலைந்தாள். ஓர் இடத்தில் இது மரம் சம்பந்தப்பட்டது என்றார்கள், இன்னோர் இடத்தில் சாலை சம்பந்தப்பட்டது என்றார்கள். கடைசியில் வனவிலங்குத் துறையில் நோர்லியா என்ற அதிகாரி அவளை உட்காரச் சொன்னார். உட்காராமல் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். நோர்லியா பொறுமையாகக் கேட்டு, "துப்பாய் காடிங்" என்று அந்த அணிலின் மலாய்ப் பெயரைச் சொன்னார். தாமே வளைவுக்கு வந்து பார்த்தார். மின்கம்பியிலிருந்து தள்ளி இருக்க வேண்டும், பெரிய லோரிக்குமேல் நல்ல உயரம் வேண்டும், அடிக்கடி சோதிக்க வேண்டும் என்று சொல்லி, சாலைக்காரர்களிடமும் பேசி முடித்துக்கொடுத்தார்.

மரம் ஏற பிரையன் வந்தான். வீடுகளுக்கு இணையக் கம்பி இழுக்கிற வேலை அவனுக்கு. ஏணியும் இடுப்பு வாரும் சொந்தமாக வைத்திருந்தான். தேவாலயத்தில் அவனோடு பாட்டுப்பாடும் நண்பர்களும் வந்தார்கள். கோயில் குழுவில் சிரித்தவர்களில் சிலர், வேடிக்கை பார்க்க வந்து, சாலையின் இரண்டு முனையிலும் கொடி பிடித்து வண்டிகளை நிறுத்துகிற ஆட்களானார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குள் கயிறு ஏறிவிட்டது. எல்லாரும் ஆலமரத்தடியில் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் சாப்பிட்டார்கள். பிரேமலா பொட்டலத்தைப் பிரிக்கக்கூட இல்லை, மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இன்னிக்கே வராது லா," என்றான் பிரையன்.

அன்றைக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மழைக்காலம் வந்து போனது, அப்போதும் வரவில்லை. தினமும் வளைவில் வேனை மெதுவாக்கி மேலே பார்ப்பாள். ஒருமுறை அப்படிப் பார்த்து, முன்னால் நின்ற காரில் இடிக்கப் போனாள். பெற்றோர் ஒருவர் போன் போட்டுத் திட்டினார். கயிற்றில் வாழைப்பழம் கட்டிப் பார்க்கலாமா என்று நோர்லியாவைக் கேட்டாள். வேண்டாம், மரத்துக்குப் பழகுவதுபோல் அதுவே பழக வேண்டும், பொறுங்கள் என்றார். பொறுப்பதுதான் அவளுக்கு வராத காரியம்.

கடைசியில் கயிற்றில் ஏறியது குரங்கு.

ஒன்றல்ல, ஒரு கூட்டம். தாய்க்குரங்குகள் குட்டியை வயிற்றில் ஒட்டிக்கொண்டு, சர்க்கஸ்போல் வரிசையாகக் கடந்தன. யாரோ படம் பிடித்துக் குழுவில் போட்டார்கள். அந்த வாரம் ஒரு வீட்டில் சமையலறைக்குள் புகுந்து அரிசியைக் கொட்டின, கோயிலில் அர்ச்சனைத் தேங்காயைத் தூக்கிப்போயின. "பிரேமலா புண்ணியத்துல குரங்குக்கு ஹைவே" என்று ஒருவர் எழுதினார். காய்கறிக் கடையில் பேச்சியம்மாள் என்கிற கிழவி நேராகவே கேட்டாள்: "ஏம்மா, ஒனக்கு வேற வேலையே இல்லையா?"

கத்திரிக்காயைப் பொறுக்கிக்கொண்டிருந்த பிரேமலாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. காய்கறியைக் கடையிலேயே வைத்துவிட்டுப் பிரையன் வீட்டுக்கு வேனை விட்டாள்.

"ஏணிய எடு. கயித்த அறுத்துரலாம்."

பிரையன் கைகழுவிக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றான். "குரங்கு முன்னாடியும் வந்துச்சுக்கா. அப்ப ரோட்டுல நடந்து வந்துச்சு, யாரும் பாக்கல. இப்ப மேல போவுது, எல்லாரும் பாக்குறாங்க. அவ்ளோதான். குப்பைய மூடி வைக்கச் சொல்லுங்க, மொதல்ல."

"எனக்குப் பயமா இருக்கு, பிரையன்."

"என்னா பயம்?"

"நல்லதுன்னு கட்டுனது கெடுதலா முடிஞ்சிருமோன்னு," என்றாள். கயிறு அங்கேயே இருந்தது.

டுரியான் காலம் வந்தது. ஒரு சனிக்கிழமை காலை, வளைவில் வேனை நிறுத்திவிட்டுக் கயிற்றின் முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தோட்டத்துக்குள்ளிருந்து துப்பாக்கிச் சத்தம் கேட்டது. ஆலமரத்திலிருந்து பறவைகள் மொத்தமாக எழும்பின. அவள் வேலியைத் தாண்டி உள்ளே ஓடினாள். கால் சேற்றில் புதைந்தது, செருப்பு ஒன்று அங்கேயே நின்றுவிட்டது.

சதாசிவம் மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். கூலிக்கு அமர்த்திய ஆள் ஒருவன் துப்பாக்கியோடு பக்கத்தில். கீழே சாதாரண மண்நிற அணில் ஒன்று கிடந்தது. சிவப்பு இல்லை என்று தெரிந்ததும் பெருமூச்சு விட்டாள். விட்ட உடனே தன்மேலேயே அருவருப்பு வந்தது.

"அண்ணே, சுடாதீங்கண்ணே."

"வா, இங்க வா," என்று அவர் அவளைக் கையசைத்துக் கூப்பிட்டார். கோபம் இல்லாத, களைத்த குரல். மரத்தடியில் குவித்து வைத்திருந்த பழங்களைக் காலால் புரட்டினார். ஒவ்வொன்றிலும் ஓட்டை; உள்ளே சுளை கறுத்துப் புழு நெளிந்தது. "வருசம் பூரா உரம் போட்டு, தண்ணி காட்டி, பிள்ளையப்போல வளக்குறேன். பழுக்க ரெண்டு வாரம் இருக்கப்போ இது. நான் கல்நெஞ்சுக்காரன் இல்ல தங்கச்சி. என் எடத்துல நீ இருந்தா என்னா செய்வ?"

அவள் குனிந்து ஓட்டை விழுந்த ஒரு பழத்தைக் கையில் எடுத்தாள்.

"நீ கயிறு கட்டுனியே, அது எங்க வந்து முடியுது பாத்தியா?" என்று மேலே காட்டினார்.

பார்த்தாள். கயிறு ஆலமரத்தில் முடிந்தது. ஆலமரத்தின் கிளை அவருடைய முதல் வரிசை டுரியான் மரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. காட்டிலிருந்து பத்திரமாகக் கடந்து வருகிற உயிரை நேராகத் துப்பாக்கி முனைக்கு இறக்கிவிட அவளே வழி போட்டிருந்தாள். இத்தனை மாதம் அண்ணாந்து பார்த்தவள், கயிறு முடிகிற இடத்துக்கு அப்பால் பார்க்கவே இல்லை.

அங்கிருந்து அவள் நேராக வீட்டுக்குப் போகவில்லை. வேனை ஓட்டிக்கொண்டு குளுவாங்வரை போனாள், அங்கே ஒரு வேலையும் இல்லாமல் திரும்பினாள். வழியில் நோர்லியாவுக்குப் போன் செய்தாள். தோட்டக்காரர்கள் சிலர் மரத்தண்டைச் சுற்றி வழுக்கும் தகரம் அடிக்கிறார்கள், அணில் ஏற முடியாது, ஆனால் ஒரு மரத்துக் கிளை இன்னொன்றைத் தொடக்கூடாது, அதுதான் கஷ்டமான வேலை என்றார் அவர். சாயங்காலம் லெட்சுமணன் வந்தபோது அவள் வாசலிலேயே நின்றாள். "சட்டைய மாத்தாதீங்க. சதாசிவம் அண்ணன் வீட்டுக்குப் போவணும்."

சதாசிவம் கேட்டுவிட்டுச் சிரித்தார். "தகரம் அடிக்கிறது யாரு? கிளை வெட்டுறது யாரு? எனக்கு ஆள் இல்ல."

"நாங்க அடிக்கிறோம்."

"நாங்கன்னா?"

பிரேமலா திரும்பி லெட்சுமணனைப் பார்த்தாள். அவன் தலையைச் சொறிந்தான். "நான் இருக்கேன்," என்றான்.

"ரோட்டோரத்து வரிசை மட்டும் மொதல்ல," என்றார் சதாசிவம். "இந்தப் பருவம் முடியறவரைக்கும் சுட மாட்டேன். பழம் போச்சுன்னா அடுத்த வருசம் என்னக் கேக்கக்கூடாது."

வேலை அவள் நினைத்ததைவிடக் கொடுமை. தகரம் விரலை அறுத்தது. கிளையை வெட்டப் போனால் கெரெங்கா எறும்பு சட்டைக்குள் புகுந்து கடித்தது. பிரையன் ஒருமுறை ஏணியிலிருந்தபடியே சட்டையைக் கழற்றி எறிந்து நடனமாடினான். முதல் ஞாயிறு வந்தவர்களில் பாதிப்பேர் அடுத்த ஞாயிறு வரவில்லை. ஆனால் வரமாட்டாள் என்று நினைத்த பேச்சியம்மாள் ஒரு குடம் மோரோடு வந்து, வேலியோரம் நின்று எல்லாரையும் அதட்டிக்கொண்டிருந்தாள். சதாசிவம் முதலில் பின்கை கட்டி நின்றார். ஓர் ஆணி கோணலாகப் போவதைப் பொறுக்க முடியாமல், "இப்படியா அடிக்கிறது" என்று சுத்தியலைப் பிடுங்கிக்கொண்டவர், பிறகு திருப்பித் தரவில்லை.

ஆலமரத்திலிருந்து டுரியானைத் தொட்ட கிளையைக் கடைசியாகத்தான் வெட்டினார்கள். கிளை விழுந்து, தூசி அடங்கி, எல்லாரும் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது சதாசிவம் திடீரென்று கையை உயர்த்தினார்.

"சத்தம் போடாதீங்க."

கயிற்றின் அந்தப் பக்கத்தில், பால்மர இலைகளுக்குள்ளிருந்து சிவப்பு ஒன்று எட்டிப் பார்த்தது. இரண்டடி வந்தது. நின்றது. வாலை உதறியது. இன்னும் கொஞ்சம் வந்தது. கீழே எண்ணெய்ச் செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று உறுமிக்கொண்டு போனது. பிரேமலா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அணில் கயிற்றின் நடுவில் குந்தி, முகத்தைத் துடைத்துக்கொண்டது. பிறகு அப்படியே திரும்பி, வந்த வழியே ஓடி மறைந்தது.

பிரையன்தான் முதலில், "அலமாக், அடடா" என்றான்.

பிரேமலாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "பாதி வந்துச்சுல்ல? பாதி வந்துச்சுதானே?" என்று ஒவ்வொருவராகப் பார்த்துக் கேட்டாள். லெட்சுமணன், "வந்துச்சு, வந்துச்சு" என்றான்.

முழுதாகக் கடந்ததை அவள் பார்க்கவில்லை. ஒரு வார நாளில், அவள் பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்திருந்தபோது, சதாசிவம் போனில் அனுப்பிய படம் வந்தது. அவசரமாக எடுத்த படம், பாதியை விரல் மறைத்திருந்தது. ஆனால் ஆலமரத்தின் பக்கம், கயிறு முடிகிற இடத்தில், வெள்ளைக்கோடும் சிவந்த வயிறும் தெளிவாகத் தெரிந்தன. பிரேமலா வேனைவிட்டு இறங்கி, பள்ளி வேலியோரமாக அந்த முனைவரை நடந்து, திரும்பி வந்து, மறுபடி நடந்தாள். காவலாளி, "என்னா அக்கா, கெட்ட சேதியா?" என்று கேட்டார்.

அந்தப் பருவத்தில் தகரம் அடித்த வரிசையில் சதாசிவத்துக்குப் பழம் பெரும்பாலும் தப்பியது. உள்வரிசைகளில் வழக்கம்போல் சேதம்தான். துப்பாக்கிக்காரனை அவர் மறுபடி கூப்பிடவில்லை. அதற்காக அணில்மேல் பாசம் வந்துவிட்டது என்று சொல்ல முடியாது, பார்க்கும்போதெல்லாம் திட்டுவார். ஆற்றுக்கு அந்தப்பக்கத் தோட்டத்தில் இன்னும் சுடுகிறார்கள், காற்று இந்தப் பக்கம் வீசினால் பிரேமலாவுக்குக் கேட்கும். வளைவில் செத்துக்கிடப்பது குறைந்திருக்கிறது, அடியோடு நிற்கவில்லை. குரங்குகளும் கயிற்றை விட்டபாடில்லை.

போன மாதம் ரெங்கம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு மலாய்க் குடும்பம் அவளைத் தேடி வந்தது. அங்கேயும் சாலை, அங்கேயும் கிளை வெட்டியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை லெட்சுமணனை இழுத்துக்கொண்டு பார்க்கப் போனாள். சாலை இங்கே இருப்பதைவிட அகலம், ஒருபக்கம் கயிறு கட்டத் தோதான மரமே இல்லை. தூண் ஒன்று நட்டாக வேண்டும். லெட்சுமணன் வேனின் பின்கதவைத் திறந்து சோற்றுப் பொட்டலத்தை விரித்து, "மொதல்ல உக்காந்து சாப்புடு" என்றான். அவள் ஒரு கைப்பிடியை வாயில் போட்டுக்கொண்டு, லோரிகள் விட்ட இடைவெளியில் சாலையைக் கடந்து, தூண் எங்கே நிற்கலாம் என்று குதிகாலால் மண்ணைத் தட்டிப் பார்க்கப் போய்விட்டாள்.